அவர் உள்ளே கம்பி எண்ணிக்கொண்டிருந்தார்

கம்பிக்குத் தமிழ் பெரிய அநியாயம் செய்திருக்கிறது. வீட்டைத் தாங்குவது கம்பி. பாலத்தைத் தாங்குவது கம்பி. ஆனாலும் ஒருவன் கம்பி எண்ணுகிறான் என்றால் சிறையில் இருக்கிறான் என்று அர்த்தம். கம்பி நீட்டிவிட்டான் என்றால் ஓடிப்போனான் என்று அர்த்தம். சிமெண்டுக்கு இப்படி ஒரு கெட்ட பெயர் உண்டா? மணலுக்கு உண்டா? வெளியே தெரிகிற மாதிரி விரிசல் விடுவதெல்லாம் சிமெண்டு. பழி மட்டும் கம்பிக்கு.

நம் கம்பிக்காரர் வீட்டில் மட்டும் இந்தப் பழி செல்லுபடியாகவில்லை. ஏறக்குறைய முப்பது வருடமாக அவருடைய பிழைப்பே கம்பிதான். கான்கிரீட்டுக்குள் போகிற இரும்புக் கம்பியை வெட்டுவது, வளைப்பது, குறுக்கும் நெடுக்குமாக அடுக்குவது, ஒன்றை ஒன்று தொடும் இடத்தில் எல்லாம் மெல்லிய கட்டுக்கம்பியைச் சுற்றி, கொக்கியால் முறுக்கி இறுக்குவது. எல்லாம் முடிந்ததும் இன்ஜினியர் வருவார். வரைபடத்தில் இருக்கிற கம்பியெல்லாம் தளத்திலும் இருக்கிறதா என்று இருவரும் குனிந்தபடி எண்ணுவார்கள். சரியாக இருந்தால் கான்கிரீட் கொட்டலாம். ஆகவே அந்த வீட்டில் "அவர் கம்பி எண்ணுகிறார்" என்றால், அவர் கம்பி எண்ணுகிறார். அவ்வளவுதான். அதற்கு வேறொரு அர்த்தம் இருப்பதே அவர் மனைவிக்கு மறந்துபோய் வெகுகாலம் ஆகியிருந்தது.

அவர் கட்டுவது முறுக்குக் கம்பி. ஆளிடம் முறுக்கு கிடையாது. கம்பிப் பின்னலின் மேலேயே நடந்து நடந்து, வீட்டுக்குள்ளும் காலைத் தூக்கித் தூக்கித்தான் வைப்பார். வெறும் பாயைக் கடக்கும்போதும் கொக்கு தண்ணீரில் நடப்பது போலிருக்கும். விரல்கள் தடித்து, சட்டையின் கைப் பொத்தானைப் போட மனைவியிடம்தான் நீட்டுவார். ஆனால் வீட்டில் எது உடைந்தாலும் அதே விரல்கள் ஒரு துண்டுக் கட்டுக்கம்பியோடு வந்துவிடும். வாளியின் கைப்பிடி, அலமாரிக் கதவு, மனைவியின் மூக்குக்கண்ணாடி எல்லாம் கட்டுக்கம்பியில்தான் நின்றன. அந்த வீட்டில் கம்பி போட்டுக் கட்டாமல் நின்றது கல்யாணம் ஒன்றுதான்.

பிள்ளைகள் இருவரும் வெளியூரில். மனைவி ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறார். நாளெல்லாம் நின்று நின்று வலது முழங்கால் மக்கர் செய்ய ஆரம்பித்திருந்தது. குடியிருந்ததோ மூன்றாவது மாடி. தண்ணீரும் கீழேயிருந்துதான் வர வேண்டும். "படி ஏறக் கூடாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். டாக்டர் சொல்வது சுலபம்; மருந்துச் சீட்டில் தரைத்தள வீடு எழுதித் தர முடியாதல்லவா.

கம்பிக்காரர் வெளியூர்க் கட்டடம் ஒன்றில் வேலைக்குப் போய் அங்கேயே தங்கியிருந்தார். மனைவி தேடித் தேடிக் கடைசியில் ஒரு வீடு அகப்பட்டது. தரைத்தளம். வாசலில் ஒரு படிகூட இல்லை. சமையலறைக்குள்ளேயே குழாய். வீட்டுக்குச் சொந்தக்கார அம்மாள் மாடியில் தனியாக இருந்தார். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். பயந்துபோய் வருகிறவர்களிடம் காலமெல்லாம் மெல்லிய குரலில் பேசியதால், யாரைப் பார்த்தாலும் "ஒண்ணும் ஆகாது, உக்காருங்க" என்கிற முகம் அவருக்கு நிலைத்துவிட்டது. வீட்டைக் கேட்டு ஒரு கணக்காளரும் வரிசையில் நின்றார். யாருக்கு என்று முடிவு செய்யும்முன் அந்த அம்மாள் சலவைக் கடைக்குப் போன் செய்தார்.

"உங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை பேசணுமே."

"அவர் உள்ள இருக்காரும்மா. உள்ள போயிட்டா போனை வாங்கி வெச்சிடுவாங்க."

"உள்ளேன்னா?"

"இப்ப கம்பி எண்ணிக்கிட்டு இருப்பார்."

அந்தப் பக்கம் பல் மருத்துவமனைக் குரல் தானாகத் திரும்பி வந்தது.

"எப்ப... எப்ப வருவார்?"

"பெரியவர் ஒருத்தர் வந்து பாத்துக் கையெழுத்துப் போடணும்மா. போட்டுட்டா இந்த வாரமே விட்டுடுவாங்க. எட்டு மாசம் ஆச்சு, வீட்டுச் சாப்பாடே இல்ல, பாவம்."

"இதுதான் முதல் தடவையா?"

"ஐயோ, இல்லம்மா! முன்னாடி பாலம் ஒண்ணு. அப்புறம் ஒரு பேங்க்."

"பேங்க்கா!"

"ஆமாம்மா. அந்த பேங்க்லதான் அவருக்கு நல்ல பேரு. இன்னும் பேசிக்கிறாங்க."

இஸ்திரிப்பெட்டியின் ஆவிச் சத்தத்தில் மறுமுனையின் பெருமூச்சு கேட்கவில்லை. மறுநாளே வீடு அவர்களுக்கு என்று சொல்லி அனுப்பிவிட்டார் அந்த அம்மாள். கணக்காளருக்கு ஏன் இல்லை என்றால், அவருக்கு வீடுதான் தேவை; இரக்கம் தேவையில்லை. இருபது வருடமாகச் சேர்த்து வைத்த இரக்கத்தை எங்கே செலவழிப்பது என்று தெரியாமல் இருந்தவருக்கு இப்படி ஓர் ஆள் கிடைத்தால் விடுவாரா?

குடிவந்த அன்று மனைவி மட்டும்தான் வந்தார். மாடியம்மாள் இறங்கிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க எதையும் சொல்ல வேண்டாம். இந்த வீட்டுல யாரும் பழசைக் கிளற மாட்டாங்க."

மனைவிக்குப் புரியவில்லை. பழைய வீட்டில் தண்ணீருக்குச் சண்டை போட்டது இங்கே வரைக்கும் வந்துவிட்டதோ என்று பார்த்தார்.

"மனுஷன்னா தடுக்கி விழத்தான் செய்வான். மறுபடி அந்தப் பேங்க் பக்கம் மட்டும் போகாம பாத்துக்குங்க."

அப்போதுதான் உறைத்தது. போனில் பேசியதெல்லாம் ஒவ்வொரு வரியாக, வேறு அர்த்தத்தோடு, அவர் தலைக்குள் திரும்ப ஓடியது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் சமையலறைக் குழாயில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. வாயைத் திறந்தது மனசாட்சி, மூடியது முழங்கால்.

"பாத்துக்கிறேம்மா" என்றார்.

வெள்ளிக்கிழமை கம்பிக்காரர் வந்து சேர்ந்தார். வெயிலில் கறுத்த முகம், புறங்கையில் பழைய கீறல், ஒட்ட வெட்டிய தலை, தோளில் ஒரே ஒரு பை. மாடி ஜன்னலில் நின்று பார்த்த அம்மாளுக்கு ஒரு சந்தேகமும் மிஞ்சவில்லை. இப்படிப்பட்ட செய்தியை ரகசியமாக வைத்திருக்கும் தெரு இன்னும் கட்டப்படவில்லை. எதிர்வீட்டுக்காரர் தன் சைக்கிளுக்கு இரண்டாவது பூட்டு வாங்கினார். பலசரக்குக் கடைக்காரர் தராசுத் தட்டைத் துடைத்துவிட்டு நிறுத்தார். அதற்குமேல் ஒரு பிடி போட்டும் கொடுத்தார். இரண்டு தெரு தள்ளி ஒரு புதுக் கட்டடத்தில் கம்பிக்காரர் வேலைக்குச் சேர்ந்தபோது, "உள்ள இருந்தப்ப கத்துக்கிட்ட தொழில் போல. நல்லாயிருக்கட்டும்" என்று மாடியம்மாளே எல்லோருக்கும் விளக்கம் சொல்லிவிட்டார்.

கம்பிக்காரருக்கோ வாழ்க்கையில் இப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை. பழைய இடத்தில் "யோவ் கம்பி" என்று கூப்பிடுவார்கள். இங்கே 'அண்ணே' என்கிறார்கள், வழிவிடுகிறார்கள்.

"இந்தத் தெருவுல தொழிலை மதிக்கத் தெரிஞ்சவங்க இருக்காங்கடி" என்றார் மனைவியிடம்.

"ம்" என்றார் மனைவி, துவைத்த துணியை உதறியபடி.

ஒரு சாயங்காலம் எதிர்வீட்டுக்காரர் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"அண்ணே, உள்ள ரொம்பக் கஷ்டமா?"

"பழகிட்டா ஒண்ணுமில்ல தம்பி. குனிஞ்சு குனிஞ்சு இடுப்புதான் போயிடும்."

"கூட இருந்தவங்க எல்லாம்..."

"தங்கமான பசங்க. ஒருத்தன் மட்டும் கம்பி நீட்டிட்டான்."

"தப்பிச்சிட்டானா!"

"எங்க தப்பிக்கிறது? மேஸ்திரி பாத்துட்டார். மெஷினை எடுத்து ஒரே வெட்டு."

"வெட்டிட்டாரா?"

"பின்ன? நீட்டிக்கிட்டு இருந்தா போற வர்றவன் கண்ணுல குத்தாதா? வெட்டி, மிச்சத்தை ஓரமாப் போட்டாச்சு."

எதிர்வீட்டுக்காரரின் முகம் சுண்ணாம்பு அடித்தது போலானது. "உள்ள வாங்க, காத்து அடிக்குது" என்று மனைவி கணவரைக் கையைப் பிடித்து இழுத்துப் போனார். காற்று அடிக்கவே இல்லை.

வீட்டுக்குள் மனைவி தினமும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பார்ப்பார். சொன்னால், மனிதர் அடுத்த நிமிஷமே மாடிக்குப் போய், "அம்மா, நீங்க நினைக்கிற ஆள் நான் இல்ல" என்று நின்றுவிடுவார். பொய் அவருக்கு வளையாது. அந்த அம்மாளும், ஏமாந்தோம் என்று தெரிந்தால் வீட்டை வைத்திருக்க விடுவாரா? மறுபடி மூன்றாவது மாடி, மறுபடி குடம். ஆகவே 'நாளைக்கு' என்று தள்ளினார். நாளை என்பது எத்தனை பாரம் வைத்தாலும் தாங்குகிற தளம்.

இப்படி இருக்கையில் மாடியம்மாள் ஒரு காரியம் செய்தார். அவரும் சில பேரும் மாதம் ஒருமுறை நூலகத்தின் பின்னறையில் கூடி நல்ல விஷயங்கள் பேசுவது வழக்கம். நல்ல விஷயங்கள் தீர்ந்துபோய்ச் சில மாதங்களாகப் பிஸ்கட்டோடு கலைந்துகொண்டிருந்தார்கள்.

"நீங்க வந்து உங்க அனுபவத்தைச் சொல்லணும். கம்பியோட வாழ்ந்த வாழ்க்கையை" என்றார் கம்பிக்காரரிடம்.

"என் அனுபவமா? கம்பியைப் பத்தியா?" அவர் இரண்டு கையையும் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"மனசைத் திறந்து பேசுங்க. ஒண்ணும் ஆகாது."

அன்று முழுக்க வீட்டில் அவர் கால் தரையில் படவில்லை. எப்போதும் தூக்கித்தான் வைப்பார் என்றாலும், அன்று கொஞ்சம் கூடுதலாக.

"வேண்டாமேங்க" என்றார் மனைவி.

"ஏன்டி?"

"உங்களுக்குப் பேசிப் பழக்கம் இல்ல."

"இத்தனை வருஷத்துல இந்தக் கம்பியைப் பத்தி ஒரு மனுஷன் என்கிட்ட வாயைத் திறந்து கேட்டிருக்கானா? பெயிண்ட் நல்லாருக்கும்பான். டைல்ஸ் நல்லாருக்கும்பான். பெயிண்டுக்காரன் கூடப் போட்டோ எடுத்துக்குவான். நான் கட்டினதை மூடிட்டுத்தான் வீடுன்னே சொல்றான். இப்பதான் ஒருத்தங்க கூப்பிட்டுக் கேக்குறாங்க."

சொல்லிவிட்டுக் கைப்பொத்தானைப் போடச் சொல்லி நீட்டினார். அந்த முகத்தைப் பார்த்தபின் உண்மையைச் சொல்ல யாருக்கு மனசு வரும்? மனைவி பொத்தானைப் போட்டுவிட்டு, சட்டையை ஒருமுறை கூடுதலாக இழுத்துவிட்டுத் தானும் கூடவே கிளம்பினார்.

பின்னறையில் நல்ல கூட்டம். ஆறிப்போன தேநீர், பிஸ்கட், கண்ணைத் துடைக்கத் தயாராகக் கைக்குட்டைகள். மனைவி கதவோரம் உட்கார்ந்தார். கம்பிக்காரர் எழுந்து, தொண்டையைச் செருமினார்.

"எனக்குப் பெரிசாப் பேசத் தெரியாதுங்க. சின்ன வயசுலயே இதுக்குள்ள வந்துட்டேன். எங்க மாமாதான் கூட்டிக்கிட்டுப் போனார்."

"பாவம்" என்றது ஒரு குரல்.

"முதல் நாள் கையெல்லாம் ரத்தம். அழுதேன். அப்புறம் பழகிடுச்சு. எண்ணும்போது ஒரு நிம்மதி வரும் பாருங்க, அது வெளியில கிடைக்காது."

ஒரு கைக்குட்டை மேலே போனது.

"எல்லாரும் கான்கிரீட்தான் பலம்னு நினைக்கிறாங்க. மேல ஏறி உக்காந்தா தாங்கும், அது வாஸ்தவம். ஆனா அதைப் பிடிச்சு இழுத்துப் பாருங்க, பட்டுனு விட்டுடும். இழுக்கிறதைத் தாங்குறது கம்பிதான். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு கெட்டியாப் பிடிச்சுக்கணும். பிடிச்சுக்கத்தான் கம்பி மேல அந்த வரி வரியா இருக்கும். ஆனா மூடிட்டா நம்மளை யாரும் பாக்க முடியாது. பாக்கலேன்னா என்ன, உள்ள இருக்கோம்ல!"

மாடியம்மாள் பக்கத்திலிருந்தவரிடம், "என்ன ஒரு தத்துவம் பாருங்க" என்று கிசுகிசுத்தார். முன்வரிசையில் ஒரு பெண்மணி எழுந்தார். கண்கள் கலங்கியிருந்தன.

"ஐயா, கேக்கிறேன்னு தப்பா நினைக்காதீங்க. செஞ்சதுக்கு என்னைக்காவது வருத்தப்பட்டிருக்கீங்களா?"

கம்பிக்காரர் யோசித்தார். நேர்மையாகவே யோசித்தார்.

"ஒண்ணே ஒண்ணு இருக்குங்க. ஒரு மாடிப்படி. திருப்பத்துல வளைவு நான் நினைச்ச மாதிரி வரல. இன்ஜினியர் பரவாயில்லன்னுட்டார். ஆனா இன்னைக்கும் அந்தத் தெரு வழியாப் போனா தலையைக் குனிஞ்சுக்கிட்டுத்தான் போவேன்."

பெண்மணி கைக்குட்டையை இறக்கினார். "மாடிப்படிக்கா உங்களை ஜெயில்ல போட்டாங்க?"

"யாரை?"

அறையில் பிஸ்கட் கடிக்கும் சத்தம்கூட நின்றது. கம்பிக்காரர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லோரும் மாடியம்மாளைப் பார்த்தார்கள். மாடியம்மாள் கதவோரம் பார்த்தார். கதவோரம் உட்கார்ந்திருந்தவர் தரையைப் பார்த்தார். பின்வரிசையில் யாரோ 'களுக்'கென்று சிரித்தார்கள். அவ்வளவுதான், அறையே அதிர்ந்துவிட்டது. சிரிக்காதவர்கள் மூன்று பேர்.

அந்த மூவரும் ஒரே வழியாகத்தான் வீடு திரும்ப வேண்டியிருந்தது. கம்பிக்காரர் முன்னால் நடந்தார். பின்னால் முழங்காலின் வேகத்துக்கு இரண்டு பெண்கள்.

"நிஜமாவே ஒண்ணும் பண்ணலியா?" என்றார் மாடியம்மாள். "சின்னதாக்கூட?"

"கோபம் வந்தா கதவை டமார்னு சாத்துவார்மா."

"அது எங்க வீட்டுக்காரரே இருந்தவரைக்கும் பண்ணுவார்" என்று அலுத்துக்கொண்டார் அந்த அம்மாள். ஒரு குற்றவாளியை இழந்த துக்கம் முகத்தில் அப்பட்டமாக இருந்தது. "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"குடிவந்த அன்னைக்கேம்மா. கால் வலி. சொல்ல வாய் வரல. மன்னிச்சுக்குங்க. காலி பண்ணச் சொன்னா..."

மாடியம்மாள் நடந்துகொண்டே யோசித்தார். "'திருடருக்கு வீடு குடுத்தாளாம், நல்லவர்னு தெரிஞ்சதும் துரத்திட்டாளாம்'னு பேசுவாங்க. அந்தப் பின்னறைக்கு நான் மறுபடி போகவே முடியாது. பேசாம இருங்க."

மனைவிக்கு மூச்சு வந்தது. ஆனால் வீட்டுக்குள் போனால், கம்பிக்காரர் பையில் சட்டைகளைத் திணித்துக்கொண்டிருந்தார்.

"அவங்க இருக்கச் சொல்லிட்டாங்க" என்றார் மனைவி.

"நான் இருக்க மாட்டேன். கிளம்பு."

"திருடன்னு நினைச்சுட்டாங்கன்னு கோவமா?"

"அது போகட்டும். திருடனுக்கும்தான் இங்க நல்ல மரியாதை." இன்னொரு சட்டையைப் பைக்குள் திணித்தார். "வாய் வலிக்கக் கம்பியைப் பத்திப் பேசினேன். ஒருத்தர்கூட அதைக் கம்பியாக் கேக்கலையே. நீயும் தெரிஞ்சே பொத்தானைப் போட்டுவிட்டு அனுப்பினியே!"

"நான் கம்பியாத்தான் கேட்டேன்."

"நீயா?"

"நம்ம கண்ணாடியில இருந்து கதவு வரைக்கும் கம்பிதான். ஆனா இழுத்தா சிமெண்டு தாங்காதுன்னு இன்னைக்குத்தான் தெரியும். அந்த வரி எதுக்குன்னும் இன்னைக்குத்தான் தெரியும். சும்மா அழகுக்குப் போட்டிருக்காங்கன்னு நினைச்சேன்."

அவர் கை ஒரு கணம் நின்றது. பிறகு பையின் வாயை இறுக்கக் கட்டினார். "இதெல்லாம் இப்பச் சொல்லு. கிளம்பு."

மனைவி கிளம்பவில்லை. சமையலறை வாசலில், குழாய் கைக்கு எட்டுகிற தூரத்தில், முழங்காலை மெல்ல நீட்டித் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் வரல. நீங்க போங்க. வாரத்துக்கு ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போங்க."

"என்ன விளையாட்டு இது?"

"விளையாட்டா? இத்தனை நாள் நீங்க உள்ள இருந்தீங்க, நான் வெளியில இருந்தேன். இனிமே நான் உள்ள. எனக்கு இது ஆயுள்."

கம்பிக்காரர் பையைத் தோளில் மாட்டினார். வாசல் வரைக்கும் போனார். அங்கே நின்றார். முதுகு லேசாகக் குலுங்கியது. அழுகிறாரோ என்று மனைவி எட்டிப் பார்த்தார். அழுகை இல்லை.

"வரும்போது என்ன கொண்டாரணும்?" என்றார், திரும்பாமலே.

"வீட்டுச் சாப்பாடு."

"சமைக்கிறவளே உள்ள இருக்கும்போது வீட்டுச் சாப்பாட்டுக்கு நான் எங்க போவேன்?"

"அப்ப பையை இறக்கி வெச்சுட்டு உள்ள வாங்க."

அவர் வந்தார். பையை இறக்கி வைத்துவிட்டு மனைவி பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, நீட்டியிருந்த முழங்காலை அந்தத் தடித்த விரல்களால் அமுக்கிவிட ஆரம்பித்தார்.

"வாரத்துக்கு ஒரு தடவைதான் பாக்க விடுவாங்களா?"

"நல்லபடியா நடந்துக்கிட்டா தினமும்" என்றார் மனைவி.